ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார்?

விசா மையம், விமான நிலைய கவுன்டர், தடுப்பு முகாம் என்று எல்லைக் காவலின் பல வேலைகள் இன்று தனியார் கையில் இருக்கின்றன. இது சரியா என்று மும்பை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சொந்த அனுபவத்தைச் சொல்லும் கடிதங்களில் இருந்த நிறுவனப் பெயர்களை நீக்கிவிட்டோம்.

மகள் ஜெர்மனியில் எம்.எஸ். முடிக்கிறாள். பட்டமளிப்புக்குப் போவதற்காக நானும் கணவரும் விசா மையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண், "இந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு விசா கிடைக்காது" என்றார். அடுத்த நிமிடமே, லவுஞ்ச் எடுத்தால் உள்ளே உட்கார வைத்து எல்லாம் பார்த்துக் கொடுப்போம் என்றார். பயத்தில் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டோம். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா?
வாசகி, செம்பூர்

இல்லை. ஜெர்மனி உட்பட, ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கென்று பொதுவான விசா சட்டம் ஒன்று இருக்கிறது. 2009-ல் வந்தது, 2019-ல் திருத்தப்பட்டது. வெளி நிறுவனம் எதையெல்லாம் செய்யலாம் என்பதை அதன் 43-ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. தகவல் தரலாம், அப்பாயின்ட்மென்ட் தரலாம், விண்ணப்பத்தையும் கைரேகையையும் வாங்கலாம், கட்டணம் வசூலிக்கலாம், பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். அவ்வளவுதான். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது, நேர்காணல் நடத்துவது, முடிவெடுப்பது, ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டுவது எல்லாம் தூதரகமோ அந்நாட்டின் தலைமை அலுவலகமோ மட்டுமே செய்ய வேண்டியவை. விசா விவரங்கள் இருக்கும் ஐரோப்பியக் கணினித் தொகுப்பை நிறுவனத்தின் ஆட்கள் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க முடியாது. ஆக, உங்களிடம் அந்தப் பெண் சொன்னது அவருடைய ஊகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் சொன்னால் ஊகமும் உத்தரவு மாதிரியே காதில் விழும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார் கண்ணிலும் படுவதில்லை, பூசாரி மட்டும்தான் தெரிகிறார்.

பண விஷயம். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் விசாக் கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. அதாவது 45 யூரோ. லவுஞ்ச், கூரியர், எஸ்.எம்.எஸ்., ஜெராக்ஸ், போட்டோ, படிவம் நிரப்பித் தருவது போன்றவையெல்லாம் நீங்கள் விரும்பினால் மட்டும். ரசீதில் ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும். "பேக்கேஜ்" என்று ஒரே தொகையாகப் போட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, லவுஞ்சுக்குக் கிடையாது. லாபத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டாவதைத்தான் விற்க வேண்டும். பயந்துபோனவரிடம் எதையும் எளிதாக விற்றுவிடலாம். பயத்தை உண்டாக்கும் வாயும் அதற்கு மருந்து விற்கும் வாயும் ஒன்றாக இருக்கக் கூடாது. வணிகத்தில் இதற்குப் பெயர் நலமுரண். ஒப்பந்தம் எழுதும் அரசுகள் லவுஞ்ச் விற்பனையை அதே கவுன்டரில் அனுமதித்திருப்பதே முதல் தவறு என்பது எங்கள் கருத்து.

அடுத்த முறை போகும்போது: பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். சட்டப்படி முடிவெடுக்க 15 நாள் என்றாலும் அதை 45 நாள் வரை நீட்டிக்கலாம். அதனால் 15 நாளை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வங்கி முத்திரை வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கமும் சேருங்கள். எஃப்.டி. முறித்ததா, நிலம் விற்றதா, எதுவோ அதை. இல்லாவிட்டால் கடன் வாங்கிக் கணக்கில் போட்டது போலத் தெரியும். பல விண்ணப்பங்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

கவுன்டரில் "இது போதாது" என்றால், "இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், குறை இருந்தால் தூதரகம் கேட்கட்டும்" என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்வார்கள். ஆனால் "ஆவணம் குறைவு என்று தெரிவிக்கப்பட்டது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்து, நீங்கள் கொடுத்த ஆவணங்களின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் அதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்போன் கூடாதென்றால் நகல் கேளுங்கள்.

விசா மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் மையம் தூதரகத்தைக் கைகாட்டுகிறது, தூதரகமோ மையத்தைக் கைகாட்டுகிறது. கட்டிய பணமாவது திரும்ப வருமா?
வாசகர், தாராவி

விசாக் கட்டணமும் வராது, சேவைக் கட்டணமும் வராது. இரண்டும் விண்ணப்பத்தைக் கையாண்டதற்கான கூலி. விசாவுக்கு விலை என்று ஒன்று இல்லை.

காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ஷெங்கன் மறுப்பு ஒரு அச்சுப் படிவத்தில் வரும். எந்தக் காரணம் என்று கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள், எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருக்கும். மேல்முறையீடு அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். தாராவியிலிருந்து பெர்லினுக்கு வழக்குப் போட எத்தனை பேரால் முடியும்? பெரும்பாலானவர்களுக்குப் புதிய விண்ணப்பம்தான் வழி. அப்போது பழைய மறுப்பை மறைக்காதீர்கள். குறியிட்டிருந்த காரணத்துக்கு நேர் பதிலாக ஒரு பக்கக் கடிதமும் அதற்கான ஆவணமும் முதல் தாளாக இருக்கட்டும்.

மையத்தின் மேல் தவறு இருந்தால் அது தனி வழக்கு. பாஸ்போர்ட்டைத் தொலைத்தது, ஆவணத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டது, கேட்காத சேவைக்குப் பணம் பிடித்தது போன்றவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. விசா மறுத்தது தவறு என்று மட்டும் அங்கே வாதாட முடியாது. இன்னொரு நாட்டின் முடிவை நம் ஆணையம் தொடாது.

தனியார் என்றாலே ஏன் சந்தேகம்? பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஏஜென்ட் இல்லாமல் வேலை நடக்காத காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. டி.சி.எஸ். வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோமே?
வாசகர், சயான் கோலிவாடா

நல்ல கேள்வி. பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் உண்மையிலேயே வேலையை எளிதாக்கின. 2010-ல் பெங்களூரு, சண்டிகர் பக்கம் சோதனையாகத் தொடங்கி நாடெங்கும் பரவியவை அவை. உள்ளே மூன்று கவுன்டர்களைத் தாண்டியிருப்பீர்கள். 'ஏ' கவுன்டரில் இருப்பவர் டி.சி.எஸ். ஊழியர். போட்டோ, கைரேகை, ஸ்கேனிங் அவர் வேலை. 'பி'யில் ஆவணத்தைச் சரிபார்ப்பவரும் 'சி'யில் ஒப்புதல் தருபவரும் வெளியுறவுத் துறை அதிகாரிகள். தனியார் ஆள் உங்கள் படத்தை எடுப்பார், பாஸ்போர்ட் தரலாமா என்று சொல்ல மாட்டார். அதிகாரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஆள் மாறுகிறார், அந்த ஆளை நீங்கள் நேருக்கு நேர் பார்க்கிறீர்கள்.

விசா மையத்தில் 'ஏ' மட்டும்தான் உங்கள் கண்ணில் படும். 'பி'யும் 'சி'யும் வேறு கட்டடத்தில், சில நேரம் வேறு நாட்டில். எதையாவது விளக்க வேண்டுமென்றால் விளக்கிச் சொல்ல ஆளே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பாஸ்போர்ட் சேவை கெட்டால் நாம் ஓட்டுப் போடுகிறவர்கள், நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பார். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம் என்று அரசே நிர்ணயிக்கிறது. விசா மையத்தில் நிற்பவருக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை. ஒப்பந்தம் கொடுத்த அரசுக்கு அவர் குடிமகன் இல்லை, ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கு அவர் வாடிக்கையாளரும் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறவர்தான் வாடிக்கையாளர். இங்கே அடுத்த கடை கிடையாது.

இந்தத் தொழில் நம் ஊரில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. விசா மையங்களை நடத்தும் வி.எஃப்.எஸ். குளோபல் 2001-ல் மும்பையில், அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் நீண்ட வரிசையைக் குறைக்கத் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெரும்பங்கு பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம். நம் நாட்டுத் தூதரகங்களும் வெளிநாட்டில் இந்திய விசா விண்ணப்பங்களை இப்படித்தான் தனியாரிடம் விட்டிருக்கின்றன. அதனால் இது வெள்ளைக்காரர் நமக்குச் செய்யும் அநியாயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

துபாய் போக சஹார் விமான நிலையத்தில் நின்றபோது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை என்று செக்-இன் கவுன்டரிலேயே என் மாமனாரை நிறுத்திவிட்டார்கள். இமிக்ரேஷன் அதிகாரி வரை போகவே விடவில்லை. விமான நிறுவனத்துக்கு இந்த உரிமையை யார் கொடுத்தது?
வாசகி, மாட்டுங்கா

எல்லைக் காவலில் மிகப் பழைய தனியார் ஒப்படைப்பு இதுதான். ஒப்பந்தம் எதுவும் கிடையாது, அபராதத்தாலேயே நடக்கிற ஒப்படைப்பு. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 விதிப்படி, ஆளுக்கு இவ்வளவு என்று தண்டம் போடும் நாடுகளில் குறைந்த அளவே 3,000 யூரோ. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது. அந்தச் சட்டம் 2025-ன் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது, பொறுப்பு மட்டும் விமான நிறுவனத்தின் தலையிலேயே இருக்கிறது. தண்டம் தவிர, அந்தப் பயணியைத் திரும்ப அழைத்துப் போவதும் நிறுவனத்தின் செலவில்தான்.

இந்தக் கணக்கை கவுன்டரில் இருப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். தவறாக ஒருவரை ஏற்றினால் நிறுவனத்துக்கு நஷ்டம். தவறாக ஒருவரை நிறுத்தினால் ஒரு நஷ்டமும் இல்லை. சீட் அதிகமாக விற்று ஆளை இறக்கிவிட்டால் தரவேண்டிய இழப்பீடு, ஆவணக் குறை என்று நிறுத்தப்பட்டவருக்குக் கிடையாது. தராசு முதலிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது அந்த ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்?

உங்கள் மாமனாரின் சிக்கல் தமிழர்கள் பலருக்கும் உண்டு. நம்மில் பலருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவரை அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. சில நாளில், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இந்தத் தளர்வு எல்லா கவுன்டருக்கும் போய்ச் சேரவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

விமான ஊழியர் பார்ப்பது டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன ஆவணம் வேண்டும் என்று அதில் இருக்கும். நிறுத்தினால் மூன்று காரியம் செய்யுங்கள். டூட்டி மேனேஜரை அழைக்கச் சொல்லுங்கள். திரையில் எந்த வரியைக் காட்டி நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் டிக்கெட் பணம், விசா பணம் எதற்கும் பிறகு வாதாட முடியாது. நிரந்தரத் தீர்வு, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்ப்பது. ஆதார், பான், வங்கிக் கணக்கு, பழைய விசா எல்லாவற்றிலும் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போய் நான்கு இடத்தில் இடிக்கும்.

உங்கள் மாமனாருக்குப் போனது ஒரு பயணம். உயிருக்குப் பயந்து ஓடும் ஒருவருக்கு அதே கவுன்டரில் போவது அடைக்கலம் கேட்கும் வாய்ப்பு. அகதிகள் உடன்படிக்கைப்படி அவர் மனுவைக் கேட்க வேண்டியது ஒரு அரசு. ஆனால் அரசைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தச் சட்டத்தில் பயிற்சி இல்லாத ஒருவர், விமானம் கிளம்பும் அவசரத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அகதி மனு மறுக்கப்பட்டதாக எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எல்லைக் காவலைத் தனியாரிடம் கொடுப்பதன் மிகக் கூர்மையான அறச்சிக்கல் இது என்று நினைக்கிறோம்.

டிஜி யாத்திரையில் முகத்தைக் காட்டி உள்ளே போகிறோம். அதுவும் தனியார் எல்லைக் காவலா?
வாசகர், முலுண்ட்

இல்லை. அது உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும். நடத்துவது டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன். அதில் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம், மீதி ஐந்து விமான நிலைய நிறுவனங்களுக்கு. கட்டாயமும் இல்லை. வெளிநாடு போகும்போது தானியங்கிக் கதவில் நுழைய வேண்டுமென்றால் அது வேறு திட்டம்: உள்துறையின் எஃப்.டி.ஐ.-டி.டி.பி. என்ற விரைவு இமிக்ரேஷன் திட்டம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி 2025 ஜனவரியில் மும்பைக்கு வந்தது. கட்டணம் இல்லை, ஆன்லைனில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். "பதிந்து தருகிறோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு பைசாவும் தராதீர்கள்.

கைரேகை, பேங்க் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்துவிட்டு வருகிறோம். அதெல்லாம் எத்தனை நாள் அங்கே இருக்கும்?
வாசகி, அந்தேரி

ஷெங்கன் விதிப்படி, தூதரகத்துக்கு அனுப்பிய 7 நாளுக்குள் மையம் அழித்துவிட வேண்டும். பெயர், தொடர்பு விவரம், பாஸ்போர்ட் எண் மட்டும் பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வந்து 5 நாள் வரை இருக்கலாம். கைரேகை ஐரோப்பியத் தொகுப்பில் இருக்கும். 59 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை. தூதரகம் குறைந்தது 9 மாதத்துக்கு ஒரு முறை மையத்துக்குத் திடீரென்று போய்ச் சோதிக்க வேண்டும் என்பதும் விதி.

விதி இருந்தும் தவறு நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் விசாவுக்கு இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க வி.எஃப்.எஸ். நடத்திய இணையதளத்தில், முகவரி வரியில் எண்ணை மாற்றினால் இன்னொருவர் விண்ணப்பம் திறந்துகொள்ளும் ஓட்டை இருந்தது. 2005-லேயே சுட்டிக்காட்டப்பட்டும் 2007-ல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் சட்டமீறலாகக் கண்டது யாரை? தளத்தை நடத்திய நிறுவனத்தை இல்லை, வேலையைக் கொடுத்த வெளியுறவு அலுவலகத்தை. எங்கள் பார்வையில் அது சரியான முடிவு. நம் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில், தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவர் மேல்தான் முதன்மைப் பொறுப்பை வைக்கிறது.

டியாகோ கார்சியா தீவில் நம் ஈழத் தமிழர்களைக் காவல் காத்தது ஒரு தனியார் கம்பெனி என்று படித்தேன். மனிதரை அடைத்து வைக்கும் வேலையைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா?
வாசகர், ஆன்டாப் ஹில்

2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன மீன்பிடிப் படகு ஒன்று இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தது. அதிலிருந்த இலங்கைத் தமிழர்களைப் பிரிட்டிஷ் கடற்படை, பிரிட்டன் நிர்வகிக்கும் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் தீவான டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுபோனது. கூடாரங்கள் போட்ட சிறு வேலியிட்ட இடத்தில், குழந்தைகளோடு, மூன்று ஆண்டுக்கு மேல் அவர்கள் இருந்தார்கள். காவலுக்கு ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தார். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு பிரதேசத்தின் ஆணையருக்கு எதிரானது. அரசதிகாரத்தை யார் கையில் கொடுத்தாலும் அந்தச் செயல் அரசின் செயலே என்று ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-ல் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தத் தீர்ப்பு நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

ஆக, அரசு கை கழுவ முடியாது, சட்டம் தெளிவு. பிறகு ஏன் கொடுக்கிறார்கள்? செலவு குறையும் என்பார்கள். எங்கே குறைகிறது என்று ஒப்பந்தத்தைப் படித்தால் தெரியும். லண்டன் கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய ப்ரூக் ஹவுஸ் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் 2020 வரை அதை ஜி4எஸ் நடத்தியது. அடைக்கப்பட்டவர்களைக் காவலர்கள் கொடுமைப்படுத்தும் காட்சிகள் 2017-ல் தொலைக்காட்சியில் வந்தன. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் ஒப்பந்தத்தை அலசியது. 2012 முதல் 2018 வரை நிறுவனத்தின் மொத்த லாபம் 1.43 கோடி பவுண்டு. தவறுகளைக் கணக்குக் காட்ட வேண்டியவர் நிறுவனமே. இதைவிட முக்கியமானது: முறையற்ற பலப்பிரயோகமும் வசைச்சொல்லும் ஒப்பந்த மீறல் என்று அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படவே இல்லை. எழுதாததற்கு யார் பணம் பிடிப்பார்கள்? 2023 செப்டம்பரில் வந்த பொது விசாரணை அறிக்கை, ஐந்தே மாதத்தில் 19 சம்பவங்கள் மனிதத்தன்மையற்ற நடத்தையாக இருக்கக்கூடியவை என்று கண்டது.

அடுத்தது படுக்கைக் கணக்கு. அமெரிக்காவில் பல தடுப்பு முகாம் ஒப்பந்தங்களில் 'குறைந்தபட்ச உத்தரவாதம்' உண்டு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்தனை படுக்கைக்குப் பணம். 2020 மே மாதத்தில் மட்டும், சராசரியாக நாளொன்றுக்கு 12,000-க்கும் அதிகமான காலிப் படுக்கைகளுக்கு 2.05 கோடி டாலர் போனதாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு எழுதியது. காலிப் படுக்கைக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு, அதை நிரப்பினால் என்ன என்று தோன்றாதா? யாரை அடைப்பது என்ற முடிவுக்குள் வாடகைக் கணக்கு நுழையும் வழி இது.

ஆஸ்திரேலியா பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் வைத்த முகாம் இன்னும் சிக்கலானது. ஆட்களை அனுப்பியது ஒரு நாடு, இடம் இன்னொரு நாட்டுடையது, நடத்தியவை கம்பெனிகள். 2014 பிப்ரவரிக் கலவரத்தில் ஈரானிய இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 ஏப்ரலில் பப்புவா நியூ கினி உச்ச நீதிமன்றம் அந்தக் காவலே அரசமைப்புக்கு விரோதம் என்றது. 2017-ல் ஆஸ்திரேலிய அரசும் இரண்டு ஒப்பந்த நிறுவனங்களும் சேர்ந்து, 1,900-க்கும் மேற்பட்டவர்களுக்கு 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்விக்கு நேர்பதில்: கொடுக்கக் கூடாது. சமையல், துப்புரவு, கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு டெண்டர் விடலாம். கதவைப் பூட்டுவதும் ஒருவர் மேல் கை வைப்பதும் அரசு ஊழியரின் வேலை.

நம் போலீஸ் நிலையங்களைப் பார்த்தவர்கள் அரசு ஊழியர் என்றால் நியாயமாக நடப்பார் என்று நம்புவார்களா?
வாசகர், வாஷி

நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் உள்துறையே தன் கையில் வைத்திருந்த ஒரு கணினி நிரல், விசா விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. பிரிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று, எந்த நாட்டுக் குடிமகன் என்பது. வழக்குப் போட்ட பிறகு 2020 ஆகஸ்டில் கைவிட்டார்கள். அதில் தனியார் யாரும் இல்லை.

ஆனாலும் வேறுபாடு உண்டு. அரசு ஊழியர் தவறு செய்தால் ரிட் மனு போடலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்கலாம். நிறுவனத்திடம் கேட்டால் "வணிக ரகசியம்" என்று வரும். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2009-ல், கட்டி முடித்து வைத்திருந்த தனியார் சிறையைத் திறக்கவே கூடாது என்றது. கொடுமை நடந்துவிடும் என்ற பயத்தை அது காரணமாகச் சொல்லவில்லை. லாபத்துக்காக நடத்தும் ஒருவர் மனிதரின் சுதந்திரத்தைப் பறிப்பதே அவருடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2011-ல் நந்தினி சுந்தர் வழக்கில், போதிய பயிற்சியில்லாத சிறப்புக் காவலர்களைத் துப்பாக்கியோடு மாவோயிஸ்ட்டுகளுக்கு எதிராக நிறுத்திய சத்தீஸ்கர் அரசைத் தடுத்தது. அங்கே லாபம் பேச்சில் இல்லை. அரசு தன் கடமையைக் கூலிக்கு விட்டுக் கைகழுவ முடியாது என்ற எண்ணம் மட்டும் ஒன்றுதான்.

ஒப்பந்தம் போட்டே தீருவோம் என்கிற அரசுகளுக்குக் குறைந்தபட்சம் சில வரிகள் வேண்டும். ஒப்பந்தம் முழுவதும் வெளியிடப்பட வேண்டும். தவறை எண்ணுபவர் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது. புகார் பெட்டியின் சாவி அரசிடம். துணை ஒப்பந்தத்துக்கு அனுமதியில்லை, ஏனென்றால் பொறுப்பு காணாமல் போவது பெரும்பாலும் மூன்றாவது கைமாற்றத்தில்தான். தவறான மறுப்புக்கும் தவறான அனுமதிக்கும் ஒரே அளவு தண்டம். கடைசி வரியை எந்த அரசும் இதுவரை எழுதிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

பாஸ்போர்ட் விசா மையத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அவசரமாகப் போக வேண்டும். தர மாட்டேன் என்கிறார்கள். தனியார் கம்பெனி என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள முடியுமா?
வாசகர், டோம்பிவலி

உங்கள் விருப்பத்துக்கு மாறாக முடியாது. 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கே சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் பாஸ்போர்ட் இப்போது மையத்தில் இல்லாமல் தூதரகத்தில் இருக்கலாம். கவுன்டரில் சண்டை போடுவதைவிட, "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், பாஸ்போர்ட்டைத் தரவும்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். விண்ணப்ப எண், பாஸ்போர்ட் எண், மருத்துவமனைத் தாளின் நகல் சேர்த்து, மையத்துக்கும் தூதரகத்தின் விசாப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். மையத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கட்டணம் போய்விடும். வேறு ஒருவரை வாங்க அனுப்பினால் அவர் கையில் உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், அவருடைய அசல் அடையாள அட்டை, கட்டண ரசீது நான்கும் இருக்கட்டும். சிங்கப்பூருக்கும் விசா வேண்டும் என்பதால், பாஸ்போர்ட் வந்த அன்றே விண்ணப்பிக்கும்படி அந்தக் காகிதங்களை இப்போதே தயார் செய்துவிடுங்கள்.